கார்ட்டிசால் இறங்கினால் வலி தீர்ந்ததா?

கோலசிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் தமிழர்கள், மாடு அசைபோடாமல் காதைத் தொங்கவிட்டு நின்றாலோ, மடியில் கை வைத்ததும் உதைத்தாலோ அதற்கு வலி என்று கண்டுகொள்வார்கள். ஆய்வகம் எண் கேட்கிறது. பன்றியாய்வில் அந்த எண் பெரும்பாலும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவு. பாக்டீரியாத் தொற்றுள்ள பன்றிக்கு வலி தணிந்ததா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. ஈ. கோலி பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள நச்சு இரத்தத்தில் கலந்ததும் தற்காப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை ஹைப்போதலாமஸைத் தூண்ட, பிட்யூட்டரி வழியாக அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலை வெளியிடுகிறது. இதற்கு வலி வேண்டியதில்லை. வலிநிவாரணியான மெலாக்சிகாமோ புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்து வலி, காய்ச்சல், வீக்கம் மூன்றையும் ஒருசேரத் தணிக்கிறது. ஊசிக்குப் பின் கார்ட்டிசால் இறங்கினால், மூன்றில் எது தணிந்ததால் இறங்கியது?

மாதிரி எடுக்கும் முறையும் எண்ணைக் குலைக்கும். மூக்கில் சுருக்குப் போட்டு இரத்தம் எடுத்தால் சில நிமிடங்களில் கார்ட்டிசால் ஏறிவிடும். கிடுக்கியில் பஞ்சை நீட்டினால் பன்றி தானே வந்து மெல்லும், எச்சில் கிடைக்கும். தவிர, வளர்ந்த பன்றியில் கார்ட்டிசால் காலையில் உயர்ந்து மாலையில் தாழும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்துவிட்டு, இறக்கத்தை இடையில் போட்ட ஊசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வியர்த்துத் தணிய முடியாத பன்றிக்கு நண்பகல் வெக்கையும் எண்ணைக் குலைக்கும் ஒரு சுமை.

நடத்தையை அளவாகக் கொண்டால் பார்ப்பவரின் சாய்வு புகுந்துவிடும் என்பர். எதற்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்பதை அவரிடம் மறைத்துவிட்டால் அது பெரிதும் நீங்கும். பார்க்க வேண்டியவையும் தெளிவானவை. நுரையீரல் உறை அழன்ற பன்றி படுக்க மாட்டாமல் நாய்போல் உட்கார்ந்து, நெஞ்சை அசைக்காமல் வயிற்றால் மூச்சுவிடும். மடி வீங்கிய தாய்ப்பன்றி குப்புறப் படுத்துக் காம்புகளை மறைத்துக்கொள்ளும். குட்டிகள் பசியில் கத்தும்.

ஆகவே நான்கு குழுக்கள் வேண்டும்: தொற்றும் மருந்தும் இல்லாதவை, மருந்து மட்டும் பெற்றவை, தொற்று மட்டும் உள்ளவை, இரண்டும் உள்ளவை. மருந்தும் ஊசியும் தம்மளவில் கார்ட்டிசாலை எவ்வளவு அசைக்கின்றன என்பதை இரண்டாம் குழு காட்டும். மருந்துக் குழுக்களுக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் மெலாக்சிகாமும் மற்றவற்றுக்கு உப்புநீரும் போட்டபின், எல்லாக் குழுவிலும் ஒரே வேளையில் எச்சில், உடல்வெப்பம், அழற்சியைக் காட்டும் ஹாப்டோகுளோபின், படுக்கும் விதம், பாலூட்டும் நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கார்ட்டிசாலும் காய்ச்சலும் இறங்கிய பிறகும் தாய்ப்பன்றி குப்புறவே கிடந்தால், மருந்து வலியைத் தீர்த்தது என்று எழுத நமக்கு உரிமையில்லை. குட்டிகளுக்குக் காம்பு எட்டும்படி அது பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும்போதுதான் எச்சிலில் கண்ட எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.