ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு கரண்ட்?

கரண்ட் பில் எகிறினால் நாம் முதலில் பார்ப்பது ஸ்விட்ச் போர்டை. ஃபேன் ஓடுகிறதா, கீசரை அணைத்தோமா, பிள்ளைகள் ரூமில் லைட் எரிகிறதா என்று வீட்டை ஒரு சுற்று வருவோம். குழாயடிக்குப் போய்ப் பார்ப்பவர்கள் அநேகமாக இல்லை. ஆனால் பெங்களூரைப் பொறுத்தமட்டில் குழாயும் ஒரு ஸ்விட்ச்தான். அது எப்படி என்று தெரிய இந்த ஊர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அதில் நம்மவர்களுக்கும் கணிசமான பங்கு உண்டு.

மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் கே. சேஷாத்திரி அய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாம் பஸ்ஸில் கடந்துபோகும் சேஷாத்திரிபுரம் அவர் பெயரைத் தாங்கியதுதான். காவிரி சிவசமுத்திரத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் இறங்கி விழுகிறது. அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ராணுவப் பொறியாளர் டி லாட்பினியேர் திட்டம் வகுத்தபோது, அரசாங்கப் பணத்தை அதில் போடத் துணிந்தவர் அய்யர். மின்சாரம் என்றால் என்னவென்றே ஊரில் பலருக்குத் தெரியாத காலம் அது. வேலை முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1901-இல் காலமானார்.

1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்தின் மின்சாரம் புறப்பட்டது. எங்கே? பெங்களூருக்கு அல்ல. சுமார் 147 கிலோமீட்டர் தாண்டிக் கோலார் தங்கவயலுக்கு! சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்கு நீராவி எந்திரங்களுக்கான எரிபொருள் பெரிய செலவு. கரண்ட் வந்தால் அது குறையும். ஆக, தென்னிந்தியாவின் முதல் பெரிய மின்திட்டமே ஓர் எரிபொருள் சிக்கனக் கணக்கில் பிறந்ததுதான். அந்தக் கரண்ட் ஓட்டிய எந்திரங்களுக்குக் கீழே, பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. தாத்தா தங்கவயலில் வேலை பார்த்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இன்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ.

பெங்களூரின் முறை மூன்று வருஷம் கழித்து வந்தது. 1905 ஆகஸ்ட் 5 அன்று சிட்டி மார்க்கெட் பகுதியில் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தன. (சிவசமுத்திரம் ஆசியாவிலேயே முதல் நீர்மின் நிலையம் என்று மேடையில் பெருமையாகச் சொல்வோம். டார்ஜிலிங்கில் 1897-இலேயே ஒன்று வந்துவிட்டது. பெருமைக்கு 147 கிலோமீட்டர் மின்தடமே போதும்.) கோடையில் ஆறு இளைத்தால் நிலையமும் இளைக்கும். அதற்கு ஆண்டு முழுதும் சீராக நீர் கிடைக்க வேண்டும் என்பது 1911-இல் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். சென்னை மாகாணத்துடன் மூண்ட தகராறு 1924 ஒப்பந்தத்தில் போய் நின்றது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

இனி தண்ணீருக்கு வருவோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. ஏரிகளை நம்பி வாழ்ந்த ஊர். 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அதை மேலேற்றியவை நீராவி எந்திரங்கள். 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. ஊர் பெருத்தது, அதுவும் போதவில்லை. கடைசியில் 1974-இல் காவிரியையே கொண்டுவந்தார்கள். எங்கிருந்து? அதே சிவசமுத்திரப் பகுதியிலிருந்து!

விஷயத்தின் ருசியே இங்கேதான் இருக்கிறது. அன்று காவிரி கீழே விழுந்து நமக்கு வெளிச்சம் கொடுத்தது. இன்று அந்தக் காவிரியை நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் பண்ணி, ஏறக்குறைய 500 மீட்டர் மேலே தூக்குகிறோம். விழுந்ததுபோல் ஐந்து மடங்கு ஏற்றம். அங்கே ஐந்து வாளி விழுந்து தரும் கரண்ட், இங்கே ஒரு வாளியை ஏற்றவே பத்தாது.

பள்ளிக்கூடப் பௌதிகத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் தூக்க 1.36 யூனிட் வேண்டும். பம்ப் முழுத் திறனோடு ஓடாது. எழுபது சதவீதம் என்று வைத்தால் இரண்டு யூனிட்டை நெருங்குகிறது. இருபது லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.04 யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நாலு மணி நேரம் எரிவதற்கு அது போதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசாங்க அளவுப்படி பார்த்தால், நாலு பேர் குடும்பம் மாதம் முப்பது யூனிட் கரண்டைத் தண்ணீராக வாங்குகிறது. அது நம் கரண்ட் பில்லில் வராது. குடிநீர் வாரியத்தின் பில்லில் வரும். அதன் செலவில் பெரும்பகுதி மின்சாரத்துக்கே போகிறது.

இந்தக் கணக்குத் தெரிந்தபின் சில வீட்டுப் பழக்கங்கள் வேறு மாதிரித் தெரியும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் இரட்டை நஷ்டம்: சிவசமுத்திரத்திலிருந்து ஏறிய கரண்ட், சம்ப்பிலிருந்து நம் மோட்டார் ஏற்றிய கரண்ட். சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் வெந்நீர் வரும்வரை குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீரைத் திறந்து விடுகிறோம். அடியில் ஒரு வாளி வைத்தால் துணி அலச ஆகும். வாளியும் சொம்புமாகக் குளித்த நம் அம்மாக்கள் ஒரு வாளியில் முடித்ததை ஷவர் இரண்டு மூன்று நிமிஷத்தில் தாண்டிவிடும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிநீருக்காக இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். போர் தண்ணீருக்கு அது தேவைப்படலாம். உப்புக் குறைந்த காவிரித் தண்ணீருக்கு அதை மாட்டுவது, என் அபிப்பிராயத்தில், சேல்ஸ்மேனுக்குச் செய்யும் தர்மம். அரிசி களைந்த தண்ணீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றி மாட்டுக்குக் கொடுத்தவர்கள் நாம். மாடு போய்விட்டது. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதே!

"எங்க வீட்ல போர்தான், கணக்கெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புறநகரில் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் சாதாரணம். முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து தூக்குவதும் சின்ன வேலை இல்லை.

ஏற்றுக்கூலி இல்லாமல் இந்த உயரத்துக்கு வந்து சேரும் தண்ணீர் ஒன்றே ஒன்றுதான்: மழை. பெங்களூரில் வருஷத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் எண்பது சதவீதம் பிடித்தாலே எழுபத்தைந்தாயிரம் லிட்டருக்கு மேல் தேறும். மேலே சொன்ன நாலு பேர் குடும்பத்துக்கு நாலு மாதத்துக்கும் அதிகமாகக் காணும். அவ்வளவையும் சேமிக்கத் தொட்டி யார் வீட்டிலும் இருக்காது. மிச்சத்தைக் கிணற்றிலோ குழியிலோ இறக்கலாம். 2009-இலேயே 60-40 மனை வீடுகளுக்கும், புதிதாகக் கட்டும் 30-40 மனை வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. பைப்பை மட்டும் மாட்டிவிட்டு ஃபில்டரை வருஷக்கணக்கில் கழுவாத வீடுகளும் உண்டு.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றது. தீர்ப்பின் நியாயத்தை அலச இது இடமில்லை. ஆனால் இங்கே நாம் குடிப்பதும் காவிரி, தஞ்சாவூரில் நம் சித்தப்பா நாற்று விடுவதும் காவிரி. அந்த 4.75-இல் நம் வீட்டு வாளியும் அடக்கம். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றி, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம், நாளுக்கு 77.5 கோடி லிட்டர், திறக்கப்பட்டது. மொத்தமும் பம்ப்பில் ஏறுவதுதான்.

வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் அந்தத் தண்ணீரின் பயணம் முடிவதில்லை. நகரத்தின் மேற்குப் பக்கச் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து, காவிரியோடு மேட்டூருக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் பக்கத்து நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அணையில் நுரை பொங்கும் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் நம் வாஷிங் மெஷின் பொடிக்கும் பங்கு உண்டு. 2018 முதல் அதே கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து, மறுபடியும் பம்ப் வைத்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின. சுத்திகரிப்பு போதாது, இன்னும் ஒரு நிலை வேண்டும் என்று அங்குள்ளவர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1902-இல் காவிரியின் கரண்ட் போன அதே கோலார் சீமைக்கு, இன்று காவிரியில் நாம் துணி துவைத்த தண்ணீர் போகிறது. பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு ஸ்பூன் சோப்புப் பொடி அள்ளிப் போடுவதும், பஜ்ஜி சுட்ட எண்ணெயை ஸிங்க்கில் கவிழ்ப்பதும் அந்த ஏரிக்கரையில் தக்காளி போட்டிருப்பவரின் பாத்திக்குத்தான் போய்ச் சேரும்.