ஈய எழுத்திலிருந்து கணினிக்கு

மாற்றம் மனிதனுக்குப் புதிதன்று. மாற்றத்தின் வேகமே புதிது. தந்தை கற்ற தொழிலை மகனும் பேரனும் அப்படியே செய்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ ஒருவர் இருபது வயதில் கற்ற தொழிலை, அறுபது வயதுக்குள் பலமுறை மறந்து பலமுறை புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனி அலுவலர்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று பேரோடு கடை நடத்தும் சிறுதொழிலருக்கு யார் இருக்கிறார்கள்? கற்பவரும் அவரே, கடன் வாங்குபவரும் அவரே, இரவில் உறக்கமின்றிப் புரள்பவரும் அவரே. நம் ஊர்களில் இச்சுமையை முழுமையாக உணர்ந்தவர்கள் சிறு அச்சக உரிமையாளர்கள். அவர்களது வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடும் இணைந்தது. எனவே அதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

மைன்ஸ் நகரம் தரும் பாடம்

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யோகான்னஸ் கூட்டன்பர்க் கி.பி. 1455ஆம் ஆண்டளவில் இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். உலகையே மாற்றிய அப்பட்டறையும் கடனில் நடந்த ஒரு தொழில்தான். முதல் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் தொடுத்த வழக்கு, 1455 நவம்பரில் கூட்டன்பர்க்குக்குப் பாதகமாக முடிந்தது; கருவிகள் கைமாறின. புதிய கருவியைப் படைத்தவரையே அக்கருவிக்காகப் பட்ட கடன் வீழ்த்தியது.

நூல்களைக் கையால் படியெடுத்து வந்தவர்களின் நிலை என்ன? ஸ்பான்ஹைம் நகரின் பெனடிக்ட் சபை மடாதிபதி யோகான்னஸ் திரித்தேமியுஸ், 1492இல் படியெழுதுவோரைப் புகழ்ந்து ஒரு நூல் இயற்றினார். தோலில் எழுதியது நெடுங்காலம் நிலைக்கும், காகிதத்தில் அச்சிட்டது விரைவில் அழியும் என்பது அவர் வாதம். அந்நூலோ 1494இல் மைன்ஸ் நகர அச்சகத்திலேயே அச்சேறியது! இதைச் சுட்டி அவரை நகைப்போர் உண்டு. ஆனால் அவர் செய்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. கருத்து பலரைச் சென்றடைய அச்சை ஏற்றுக்கொண்டார். மறைநூலைக் கையால் எழுதும்போது துறவியின் உள்ளத்தில் விளையும் பக்தியை எந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். எதை ஏற்பது, எதைக் காப்பது என்று பிரித்தறிந்தார். இத்தேர்ந்து தெளிதலே புதுமையின் பெருக்கில் மூழ்காதிருக்க முதல் வழி.

ஊரே சுமந்த செலவு

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்திய எழுத்துகளுள் இந்நாட்டில் முதலில் அச்சேறியவை தமிழ் எழுத்துகளே. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் இயேசு சபைத் துறவி என்ரிக்கே என்ரிக்கஸ் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறு பக்கச் சிறு நூலாக, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் மீண்டும் வார்க்கப்பட்டன. அன்றைய நிலையில் இது பெரும் செலவு. அச்செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் உழைப்பின் பணத்தைத் திரட்டித் தந்தார்கள். புதிய தொழில்நுட்பத்தின் பாரத்தை ஒருவர் தோளில் ஏற்றாமல் ஒரு மக்கள் கூட்டமே பகிர்ந்துகொண்டது. இதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் 1713இல் தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர்களின் அச்சகம் தமிழ் நூல்களை வெளியிடத் தொடங்கியது. 1835இல் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், தமிழரே நடத்தும் அச்சகங்கள் பெருகின. அக்காலம் தொட்டு நெடுங்காலம் தொழிலின் முறை பெரிதும் மாறவில்லை. அறை அறையாகப் பிரித்த கேஸ் பெட்டியின் முன் அச்சுக்கோப்பவர் நிற்பார். எழுத்தை இடவலம் மாற்றிப் படிக்க அவர் கண்கள் பழகியிருக்கும். ஒவ்வொரு ஈய எழுத்தாக எடுத்துக் கோத்து, மெய்ப்பு எடுத்து, பிழை திருத்தி, சட்டத்தில் இறுக்கி, டிரெடில் எந்திரத்தில் ஏற்றுவார்கள். அச்சிட்டு முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அதனதன் அறையில் போடுவார்கள். ஓர் எந்திரம் வாங்கியவர் அதைத் தம் மகனுக்கு விட்டுச்செல்லலாம். அந்த உறுதியின்மேல் பல குடும்பங்கள் வாழ்ந்தன.

ஒரு வாழ்நாளில் வந்த வெள்ளம்

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தும்பிக்கை வடிவங்களுக்கான அச்சுருக்கள் பயனிழக்கத் தொடங்கின. அடுத்து ஆஃப்செட் முறை பரவியது. 1985இல் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் உலகச் சந்தைக்கு வந்தது. 1990களில் நம் சிற்றூர் அச்சகங்களிலும் கணினி நுழைந்தது. தலைமுறைகளாகக் காத்த ஈய எழுத்துகள் எடைக்கு விற்கப்பட்டன. கண்ணையும் விரலையும் முதலாகக் கொண்டிருந்த அச்சுக்கோப்பவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களது கண்ணீர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கணினி வாங்கியோருக்கேனும் ஓய்வு கிடைத்ததா? இல்லை. எழுத்துருக்கள் நிறுவனத்துக்கு ஒரு விதமாக இருந்தன. ஒரு கணினியில் தட்டச்சு செய்தது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையைத் தரப்படுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இதற்கிடையில், பலர் அரும்பாடுபட்டுக் கற்ற பேஜ்மேக்கரும் 2001க்குப் பின் புதிய பதிப்பின்றி நின்றுபோனது. சுவரொட்டியின் இடத்தை ஃப்ளெக்ஸ் பிடித்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. வரிக் கணக்கும் கணினிக்குள் சென்றது. அழைப்பிதழ்கள் கைப்பேசியிலேயே அனுப்பப்பட்டன. 2022 இறுதியில் செயற்கை நுண்ணறிவு பொதுமக்கள் கைக்கு எட்டியது. 45 ஆண்டுகளுக்குள் இத்தனை! திணறியவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்வது அநீதி.

இவ்வெள்ளத்தில் எல்லா எந்திரங்களையும் கடனில் வாங்கிக் குவித்துச் சரிந்தவர்கள் உண்டு. எதுவும் வேண்டாம் என்று கதவடைத்தவர்களும் உண்டு. நிலைத்து நின்ற பலர் நடுவழியைத் தேர்ந்தார்கள். பிழை திருத்தும் கூர்மை, தாளின் தரம் அறியும் அறிவு, வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகியவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். தம்மால் வாங்க இயலாத எந்திரத்தின் வேலையை, அது வைத்திருக்கும் பெரிய அச்சகத்தில் கூலிக்குச் செய்துவாங்கினார்கள். கணினியைப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் கற்கக் கூச்சப்படவில்லை.

திருச்சபையும் நாமும்

தொழிற்புரட்சியின் துயரத்தைக் கண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணை. ஆயினும் அது உழைப்பின் நிறைவைப் பறிக்கும்போது பகையாகவும் மாறக்கூடும் என்று 1981இல் இரண்டாம் யோவான் பவுல் எச்சரித்தார். 2025 மே மாதம் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, தம் பெயரின் காரணத்தை விளக்கும்போது செயற்கை நுண்ணறிவு எழுப்பும் வினாக்களைக் குறிப்பிட்டார்.

சொல்லோடு நின்றுவிடாத குருக்களும் இருந்தார்கள். ஸ்பெயினின் மொந்திராகோன் ஊருக்கு 1941இல் துணைப் பங்குக் குருவாகச் சென்ற ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா, 1943இல் இளைஞர்களுக்குத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1956இல் அவருடைய மாணவர் ஐவர் பட்டறை ஒன்றை நிறுவினர். அதிலிருந்து பெரும் கூட்டுறவு இயக்கம் வளர்ந்தது. கூட்டுறவும் வீழ்ச்சிக்கு விலக்கன்று. அவ்வியக்கத்தின் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்தது. அங்கு வேலை இழந்தவர் பலருக்கு மற்றக் கூட்டுறவு நிறுவனங்கள் இடம் தந்தன. விழும்போது தாங்கக் கை இருந்தது என்பதே வேறுபாடு.

நம் பங்குகளில் அந்தக் கை எது? கணினி அறிந்த இளைஞர் நம் இளையோர் இயக்கத்தில் உண்டு. கணக்கறிந்த ஓய்வுபெற்ற அலுவலர் வின்சென்ட் தே பவுல் சபையில் உண்டு. அவர்களும் நம் சிறுதொழிலர்களும் மாதம் ஒரு மாலை சேர்ந்து அமரலாகாதா? கொடியேற்ற அழைப்பிதழை நள்ளிரவில் கைப்பேசியில் அனுப்பிக் காலையில் கேட்பதையும், பேசிய தொகையைத் திருவிழா முடிந்தபின்னும் கொடாமல் இழுத்தடிப்பதையும் நாம் விட்டுவிடலாகாதா? ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கிவிடுவார் என்பதால் தனியாளைவிட இருவர் மேல் என்று சபை உரையாளர் உணர்த்துவது கடைவீதிக்கும் பொருந்தும்.

விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்தவரை, தம் கருவூலத்திலிருந்து புதியனவும் பழையனவும் எடுக்கும் வீட்டு உரிமையாளருக்கு ஒப்பிட்டார் நம் ஆண்டவர். நம் சிறுதொழிலரிடம் பழையது நிறையவே உண்டு: நேர்மை, கைத்திறன், பிழை பொறாத மனம். புதியதை அவர்கள் அஞ்சாது கையில் எடுக்க, அருகில் நிற்க வேண்டியவர்கள் நாம்.