மூன்று ரிமோட்டுக்குப் பதில் ஒன்று: பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு

உவர்மலையிலும் பாலையூற்றிலும் உட்துறைமுக வீதி ஓரத்திலும், பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, தாய் தகப்பன் மட்டும் வாழும் வீடுகள் திருகோணமலையில் நிறைய உண்டு. அப்படியான வீட்டின் முன்னறையில் பெரும்பாலும் மூன்று சாமான்கள் இருக்கும்: பிள்ளை வாங்கித்தந்த தொலைக்காட்சி, டயலொக் ரீவி அல்லது பியோ ரீவி பெட்டி, விடுமுறைக்கு வந்தவர் விட்டுப்போன ஹோம் தியேட்டர். மூன்றுக்கும் தனித்தனி ரிமோட். எழுத்தெல்லாம் ஆங்கிலம். படம் ஒன்றில், சனல் இன்னொன்றில், சத்தம் மூன்றாவதில். ஒரு பொத்தான் மாறி அழுத்துப்பட்டால் படம் போய்விடும். பக்கத்து வீட்டுப் பெடியன் பாடசாலை விட்டு வரும்வரை அன்றைய செய்தி இல்லை.

இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்க முடியாது. செய்தியைக் கேட்டுவிட்டே வீட்டை விட்டு வெளிக்கிடுவதா இல்லையா என்று முடிவெடுத்த தலைமுறை இது. சொந்த வீட்டுத் தொலைக்காட்சியைப் போடுவதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருப்பது அவர்களுக்குச் சுடும். மூன்று ரிமோட்டின் வேலையையும் ஒன்றுக்குள் அடக்கும் 'கற்கும் ரிமோட்' இதற்கு ஒரு நல்ல வழி. ஆனால் யாராவது ஒருதரம் அதை ஒழுங்காகப் படிப்பித்துக் கொடுக்க வேண்டும்.

கடையில் 'யுனிவர்சல் ரிமோட்' என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். முதல் வகையில் பல கம்பனிகளின் குறியீடுகள் ஏற்கெனவே பதிந்திருக்கும். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும். சொனி, சாம்சுங், எல்ஜி தொலைக்காட்சிகளுக்கு இது போதும். பெயர் தெரியாத ஹோம் தியேட்டருக்கு அந்தப் பட்டியலில் எண் இருக்காது. இரண்டாவது வகைதான் கற்கும் ரிமோட். பழைய ரிமோட் அனுப்பும் ஒளியைப் பார்த்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அப்பிள் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் 1987இல் இப்படியொரு ரிமோட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்; விடயம் அவ்வளவு பழையது. ஆகவே வாங்கும்போது 'லேர்னிங்' வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அது செத்தபின் படிப்பிக்க ஆசிரியர் இல்லை.

ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறிய பல்ப் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டுகிறது. பெரும்பாலான சாமான்களில் இந்தச் சிமிட்டல் செக்கனுக்கு 38,000 தடவை. சொனியில் 40,000, பிலிப்ஸின் பழைய முறையில் 36,000. அந்தச் சிமிட்டலை நீளமும் குட்டையுமாக வெட்டி வெட்டி அனுப்பும்போதுதான் 'சத்தத்தைக் கூட்டு' என்ற கட்டளை உருவாகிறது. பழைய ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, அதன் முனையைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெளிச்சம் மின்னினால் ஆள் நலம். பின்பக்கக் கமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், அதில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம்.

இரண்டு ரிமோட்டிலும் புதுப் பற்றரி போடுங்கள். நலிந்த பற்றரியோடு படிப்பித்தால் பாடம் பிழையாகவே பதியும். யன்னலை விட்டுத் தள்ளி, வெயில் விழாத மேசையில் இரண்டையும் முனைக்கு முனை நேராக வையுங்கள். இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். நம் ஊர் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அது பாடத்தைக் குழப்பும். புது ரிமோட்டில் 'செற்' அல்லது 'லேர்ன்' பொத்தானை விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு படிப்பிக்க விரும்பும் பொத்தானை அழுத்துங்கள், விளக்கு சிமிட்டத் தொடங்கும். இப்போது பழைய ரிமோட்டில் அதற்கான பொத்தானை அழுத்துங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டினாலோ நிலையாக எரிந்தாலோ ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைசியில் 'செற்'றை மறுபடி அழுத்திச் சேமிக்க வேண்டும். ரகத்துக்கு ரகம் சிறு வித்தியாசம் இருக்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளை எறியாதீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் முதல் இரண்டு பொத்தான்களைப் படிப்பித்தவுடன் சோதித்துப் பாருங்கள். நாற்பதையும் முடித்துவிட்டு எதுவும் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது பெரிய எரிச்சல்.

நாற்பதையும் படிப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை. சத்தம் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மூன்றையும் ஹோம் தியேட்டரின் ரிமோட்டிலிருந்து எடுங்கள். சனல் மாற்றுவதையும் எண்களையும் பெட்டியிலிருந்து எடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து அதைப் போடும் பொத்தானும் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானும் போதும். மின்சாரம் போய் வந்தபின் சில பெட்டிகள் வேறு இணைப்புக்குத் தாவிவிடும் என்பதால் இந்த இன்புட் பொத்தான் முக்கியம்.

ஒரு சிக்கல் பலரைத் திணறடிக்கும். எண் 1ஐ இரண்டு தடவை அழுத்தினாலும் பெட்டி ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், 11ஆவது சனலுக்குப் போகாது. பிலிப்ஸ் முறையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீட்டில் ஒரு சிறு பகுதி மாறும்; புது அழுத்தமா, பிடித்த பிடியா என்று பெட்டி அறிவது அப்படித்தான். கற்கும் ரிமோட் ஒரே அழுத்தத்தைப் பதிந்து வைத்திருப்பதால் அது மாறுவதில்லை. இடையில் வேறொரு பொத்தானை அழுத்துவதோ, சனல் கூட்டும் பொத்தானால் போவதோதான் வழி. இன்னொன்று, ஒரே பொத்தானால் மூன்றையும் போடும் ஆசை. பெரும்பாலான சாமான்களில் போடுவதற்கும் நிற்பாட்டுவதற்கும் ஒரே கட்டளைதான். ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் போட அது நின்றுவிடும். வயதானவர்களுக்கு மூன்று தனிப் பொத்தான்களே நிம்மதி.

பற்றரி விடயத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல இடங்களுக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாட்களை மறக்க ஏலாது. அந்தக் காலத்தைக் கடந்தவர்கள் பலர் இன்றும் இரவில் ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி வைக்கிறார்கள். சாதாரண ரிமோட்டுக்கு அதனால் கேடில்லை. ஆனால் மலிவான, பழைய ரகக் கற்கும் ரிமோட்டுகள் சிலவற்றில் பற்றரி கழன்றால் படித்தது முழுவதும் அழிந்துவிடும். நல்ல ரகங்களில் அழியாது. வாங்கியதும் இரண்டு பொத்தானைப் படிப்பித்து, பற்றரியைக் கழற்றி, அரை மணித்தியாலம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மறந்திருந்தால் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள்.

இருபக்கமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்று பற்றரிச் சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று எறிய முன், அந்தச் சுருளை மெல்லிய மண்தாளால் தேய்த்துப் பாருங்கள்.

போரில் கையையோ பார்வையையோ இழந்தவர் இருக்கும் வீட்டுக்கு, ஏழெட்டுப் பெரிய பொத்தான்கள் மட்டும் உள்ள கற்கும் ரிமோட் உண்டு. அதைத் தேடி வாங்குவது நல்லது. மேசையில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால் ஒரு விரலோ முழங்கையோ போதும். பார்வையற்றவருக்கு, சத்தம் கூட்டும் பொத்தானில் ஒரு துளி பசையைக் காயவிட்டால் விரல் அதைக் கண்டுபிடிக்கும். ஹோம் தியேட்டரில் 'சப்வூஃபர்' அளவைக் குறைக்கும் பொத்தானையும் மறக்காமல் படிப்பியுங்கள். படத்தில் வரும் வெடிச்சத்தம் நிலத்தை அதிரவைக்கும்போது எறிகணை நாட்கள் திரும்பிவரும் வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. அந்த அதிர்வை ஒரே அழுத்தில் அடக்கும் வசதி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

எல்லா ரிமோட்டும் பாடம் சொல்லித் தராது. புளூடூத்தில் இயங்குபவை, உதாரணமாகப் புதிய ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் பலவற்றோடும் அன்ட்ரொயிட் பெட்டிகளோடும் வருபவை, ஒளியை அனுப்புவதில்லை. கற்கும் ரிமோட்டுக்கு அவை ஊமை. அந்த வீடுகளில் வேறு வழி தேடலாம். தொலைக்காட்சியும் ஹோம் தியேட்டரும் எச்டிஎம்ஐ வயரின் 'ஆர்க்' துளையில் இணைந்திருந்தால், தொலைக்காட்சியின் ரிமோட்டே சத்தத்தைக் கட்டுப்படுத்தும். இதற்கான அமைப்பைச் சாம்சுங் 'எனிநெற் பிளஸ்' என்றும், எல்ஜி 'சிம்ப்லிங்க்' என்றும், சொனி 'பிராவியா சிங்க்' என்றும் அழைக்கின்றன. செற்றிங்ஸில் போய் அதைத் திறந்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பழைய மூன்றையும் எறியாதீர்கள். பற்றரி கசிந்து உள்ளே அரிக்கும் என்பதால் அவற்றில் மட்டும் பற்றரியைக் கழற்றி, எந்த ரிமோட் எந்தச் சாமானுக்கு என்று தமிழில் எழுதி ஒட்டி, பொலித்தீன் பையில் கட்டித் தொலைக்காட்சி மேசையின் லாச்சியில் வையுங்கள். புதியது விழுந்து உடைந்தால் அடுத்ததைப் படிப்பிக்க அவை வேண்டும்.