சம்பந்த முதலியார், பம்மல் (1873–1964)

நாடக ஆசிரியர், நடிகர், இயக்குநர். சென்னையில் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர், 1924 முதல் 1928 வரை சென்னை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி. நாடகம் அவருக்கு மாலை நேரத்துப் பொழுதுபோக்கு என்றே சொல்லலாம். ஆனால் பெயர் நிலைத்தது அதனால்தான்.

இளமையில் தமிழ் நாடகத்தின் மீது அவருக்கு மதிப்பே இல்லை. பல்லாரியிலிருந்து வந்த தருமவரம் ராமகிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னையில் தெலுங்கு நாடகங்கள் போட்டது. படித்தவர்களே வேடம் கட்டியதைக் கண்டதும் எண்ணம் மாறியது. 1891 ஜூலை 1 அன்று நண்பர்களுடன் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கினார். தமிழ் அமெச்சூர் மேடைக்கு உந்துதல் தெலுங்கிலிருந்து வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

விடிய விடியப் பாட்டாக நடந்த கூத்தை, உரைநடை வசனத்துடன் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று; ‘மேக்பெத்’, ‘மகபதி’ ஆயிற்று. பெயர்களில்கூட மூலத்தின் ஒலி கேட்கும்.

‘மனோகரா’வே அவருடைய பெரும்புகழ். சங்கிலியால் பிணைக்கப்பட்டு அவையில் நிறுத்தப்படும் இளவரசன் வேடத்தை அவரே ஏற்றார். எதிரே நாயகியாக நடித்தவர், பெண் வேடத்தில் பெயர் பெற்ற நண்பர் ரங்கவடிவேலு. பின்னாளில் தொழில்முறைக் குழுக்களும் அதை விடாமல் ஆடின. 1954-இல் சிவாஜி கணேசன் நடிக்க வெளிவந்த அதன் திரைப்பட வடிவத்தின் வசனம் மு. கருணாநிதியுடையது.

சர் சி. பி. ராமசாமி ஐயர், எஸ். சத்தியமூர்த்தி போன்றோரும் சபையில் வேடமிட்டனர். ‘நாடக மேடை நினைவுகள்’ சம்பந்த முதலியாரின் நினைவுக் குறிப்பு நூல். அக்கால மேடையை அறிய அதைவிட நல்ல நூல் அரிது. 1959-இல் பத்மபூஷண் பெற்றார்.