தோட்டம் கைமாறியது, லயம் எங்கே போனது? மலேசியப் புதிய பொருளாதாரக் கொள்கையும் தமிழ்த் தொழிலாளரும்

மலேசிய இன உறவுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1969 மே 13 கலவரத்தில் தொடங்குகின்றன. நிலத்திலிருந்து தொடங்கினால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். எந்த நிலத்தில் யார் எதைப் பயிரிடலாம், எவர் எந்தக் கூலிக்கு உழைக்கலாம் என்பதையெல்லாம் பிரிட்டிஷ் ஆட்சி முடிவு செய்தது. இனங்களுக்கிடையிலான உறவு அந்த முடிவுகளின் மேல்தான் எழுந்தது. அந்த அடித்தளத்தை மாற்றும் முயற்சியாக 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. தோட்டங்களின் உடைமை அதனால் மாறியது. ஆனால் அந்தத் தோட்டங்களில் குடியிருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1913இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாய் விவசாயியின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காத்தது. 1917இல் வந்த நெல் நிலச் சட்டம் அதே விவசாயியை நெல்லோடு கட்டிப்போட்டது. தடைகளை மீறி அவர் சிறு ரப்பர்த் தோட்டம் போட்டபோது, 1922 முதல் 1928 வரை நடந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குச் சாதகமாகவே உற்பத்தி அளவுகளைப் பங்கிட்டது. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1907இல் தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து தமிழ்த் தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணிகள் சொந்த ஊர்களுக்குப் போய் ஆள் திரட்டினார்கள். இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை இது நீடித்தது. மலாய்க்காரர் வயலில், சீனர் ஈயச் சுரங்கத்திலும் கடைத்தெருவிலும், தமிழர் பால்மரத்தடியில் என்ற பிரிவினை இப்படி நிலைபெற்றது. அதற்கு இனங்களின் இயல்பைக் காரணம் காட்டுவது, அந்த ஏற்பாட்டால் லாபம் பார்த்தவர்களைத் தப்பவிடுவதாகும்.

இந்த ஏற்பாட்டைத் தொழிலாளர்கள் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரைமார் முன்னிலையில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. கூலிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மானத்தையும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

1948இல் தொடங்கிய அவசரகாலம், இனம் கடந்து தொழிலாளரைத் திரட்டிய சங்கங்களை நசுக்கியது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் அரசியல் பேரம் மலாய்க்காரரின் அம்னோ, சீனரின் ம.சீ.ச., இந்தியரின் ம.இ.கா. என்ற இனவழிக் கட்சிகளின் வழியாகவே நடந்தது. 1957 விடுதலையும் அந்தக் கட்சிகளின் கூட்டணியின் கைக்கே வந்தது. ஒரு பால்வெட்டுக்காரர் தொழிலாளியாக அரசோடு பேசும் வழி அடைபட்டு, இந்தியராக மட்டும் பேசும் வழி எஞ்சியது. பின்னால் நேர்ந்த பலவற்றுக்கு இந்த மாற்றமே வேர் என்பது என் கருத்து.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். உழைப்பவர் தோட்டத்துக்கு உடைமையாளர் ஆகலாம் என்று காட்டிய அரிய முயற்சி அது. துண்டாடலின் வேகத்துக்கு அது போதவில்லை. 1969இல், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றனர்.

அந்த ஆண்டுக் கலவரத்துக்குப் பின் துன் அப்துல் ரசாக் அரசு வகுத்த கொள்கைக்கு இரண்டு குறிக்கோள்கள் இருந்தன: இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது, இனத்தைக் கொண்டு தொழிலை அடையாளம் காணும் நிலையை மாற்றுவது. அதன் தேவையை மறுக்க முடியாது. 1970இல் தீபகற்பத்தில், மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்திராக்களின் குடும்பங்களில் 64.8 விழுக்காடு வறுமையில் இருந்தன; இந்தியரில் 39.2, சீனரில் 26 விழுக்காடு. நிறுவனப் பங்குகளில் பூமிபுத்திராக்களிடம் 2.4 விழுக்காடே இருக்க, 63.3 விழுக்காடு அந்நியரிடம் இருந்தது. அரசு இதைப் பூமிபுத்திரா, பிற மலேசியர், அந்நியர் என்ற வரிசையில் 30:40:30 என மாற்ற 1990ஐக் கெடுவாக வைத்தது. தீபகற்பத்தில் 49.3 விழுக்காடாக இருந்த மொத்த வறுமை 1990இல் ஏறத்தாழ 15ஆக இறங்கியது. இது உண்மையான சாதனை.

ஆனால் தோட்டம் எந்தக் குறிக்கோளுக்குள் வந்தது? தோட்டம் கம்பெனியின் தனிச் சொத்து என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் சாலையும் மின்சாரமும் குழாய்நீரும் அதன் வேலியோடு நின்றன. நிலமற்றவர்களைக் குடியமர்த்திய ஃபெல்டா திட்டங்களில் இடம்பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். மறுபுறம் பங்குச் சந்தைக் கணக்கில் தோட்டம் முதன்மை இடம் பிடித்தது. 1981 செப்டம்பர் 7 காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியைக் கைப்பற்றியது. அந்நியரின் பங்கு குறைந்தது, பூமிபுத்திராக்களின் பங்கு ஏறியது. பால்வெட்டுக்காரரின் நாளில் எதுவும் மாறவில்லை. விடியுமுன் பெயர் பதியும் பெரட்டுக் களம், பிறகு பால்வெட்டும் மர நிரை, பிறகு பால் நிறுக்கும் இடம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரங்கள் பரவின. பிராங் பெசார் தோட்டம் 1921இல் முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் தொடங்கியது. உலகெங்கும் நடப்பட்ட ‘பி.பி.’ ரப்பர் வகைகளின் பெயரில் இருப்பது இந்தத் தோட்டமே. 1990களில் அங்கேதான் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்தது. தோட்டக் குடும்பங்களை டிங்கிலில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள்; அந்தக் குடியிருப்பின் சுவர்களில் விரிசல் விழுந்தது.

வேலை நீக்க இழப்பீட்டுக்கு 1980இல் விதிமுறை வந்தது. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் கூலி. லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பின் வீடும் கோயிலும் பள்ளியும் வீட்டுக்குப் பின்னால் வளர்த்த மாடும் அந்தச் சூத்திரத்தில் இல்லை. அப்படித் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் பட்டணத்து ஓரங்களில் புறம்போக்கு வீடுகளில் ஒதுங்கினார்கள். அத்தகைய ஏழைக் குடியிருப்புகள் நெருங்கிய கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் மோதல் வெடித்தது. செய்திகள் அதை மலாய்–இந்திய மோதல் என்றன. இரு தரப்பும் வளர்ச்சியின் விளிம்பில் தள்ளப்பட்டவர்கள் என்பதை அந்தத் தலைப்புகள் சொல்லவில்லை.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப் திரட்டிய கூட்டத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். கோயில் இடிப்புகள் உடனடிக் காரணம். இடிபட்ட கோயில்களில் பல, தோட்டம் கைமாறியபோது நிலப் பட்டா இல்லாமல் விடப்பட்டவை. மருத்துவரையும் வழக்கறிஞரையும் பால்வெட்டுக்காரரையும் ‘இந்தியர்’ என்ற ஒரே வரியில் சேர்த்துச் சராசரி எடுக்கும் வரை, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வறுமை அரசு அறிக்கைகளில் தனியாகத் தெரியப்போவதில்லை.