கீழ்வாயிலக்கச் சிலேடை

கீழ்வாயிலக்கச் சிலேடை என்பது பழந்தமிழ்ப் பின்னங்களின் பெயர்களை வேறு பொருள் தரும்படி செய்யுளில் அமைத்துப் பாடும் சொல் விளையாட்டு ஆகும். இப்பின்னங்கள் பணம், நிலம், தானியம் ஆகியவற்றின் கணக்குகளில் வழங்கி வந்தன. 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மீது பாடிய வெண்பா இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இது தனிப்பாடல் திரட்டில் இடம்பெற்றுள்ளது.

பாடலின் அமைப்பு

முதுமையும் மரணமும் வருமுன் இறைவனைத் துதிக்க வேண்டும் என்பதே பாடலின் கருத்து. அதனுள் எட்டுப் பின்னங்கள் இறங்கு வரிசையில் மறைந்துள்ளன.

* முக்கால் (3/4): ஊன்றுகோலுடன் சேர்த்து மூன்று கால்
* அரை (1/2): முன் + நரை எனப் பிரித்தால் தலைநரை
* கால் (1/4), அரைக்கால் (1/8): காலர் எனப்படும் யமதூதரும் அவர்களின் காலும்
* இருமா (1/10): இருமுதல்
* மாகாணி (1/16): மா + காணி, அதாவது சுடுகாடு
* ஒருமா (1/20): கோயிலின் ஒற்றை மாமரம்
* கீழரை (1/640): மரத்தின் கீழ் உள்ள அரனை

வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். இப்பாடல் 'காசு' வாய்பாட்டில் முடிகிறது.

நாணயமும் சொல்வழக்கும்

முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. எனவே அரைக்கால் ரூபாய் 2 அணாவாகவும், மாகாணி ரூபாய் 1 அணாவாகவும் மீதமின்றி அமைந்தன. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. ரூபாய் 100 பைசாவானதும் அரைக்கால் 12.5 பைசாவாகவும், மாகாணி 6.25 பைசாவாகவும் ஆயின. இவற்றுக்கு ஈடான நாணயம் இல்லை. மாறாக, அணாக் கணக்கில் முழு எண்ணாக வராத இருமாவும் ஒருமாவும் முறையே 10, 5 பைசாவுக்குப் பொருந்தின. ஆயினும் மக்கள் அவற்றைப் பத்துப் பைசா, ஐந்து பைசா என்றே அழைத்தனர்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு பின்ன வாய்பாடுகளை மனப்பாடம் செய்தவருக்கு இப்பாடலின் இரு பொருளும் ஒருசேர விளங்கின. அரை, கால், முக்கால் தவிர ஏனைய பெயர்கள் அன்றாட வழக்கில் அருகிவிட்டதால், இன்றைய வாசகருக்குப் பக்திப் பொருள் மட்டுமே எளிதில் புலப்படும். கணக்குப் பொருளுக்கு உரை தேவைப்படுகிறது.

ஒப்பீடு

முன்கூட்டியே வகுத்த விதிக்கு உட்பட்டு எழுதும் முறையை, பிரான்சில் 1960 இல் தோன்றிய ஊலிப்போ குழு சோதனை இலக்கியமாக வளர்த்தது. தமிழில் இத்தகைய முயற்சிகள் சித்திரகவி, சிலேடை ஆகிய வடிவங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காணப்படுகின்றன.