ஒரு கிரீடம், இரண்டு தலைகள்

போன வாரம் மரடோனாவை ரோம் நகரத்து விழா அரங்கில் உட்காரவைத்துவிட்டு 'தொடரும்' போட்டுவிட்டேன். மன்னாரின் பேசாலையிலும் பள்ளிமுனையிலும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். சரி, உள்ளே போவோம்.

2000 டிசம்பர் 11. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபாவின் விருது விழா. அந்த ஆண்டின் சிறந்த வீரர் ஸிடேன். ஆனாலும் ஊர்ப் பேச்செல்லாம் வேறு இருவரைப் பற்றித்தான். நூற்றாண்டின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர் பிரேசிலின் பெலேயா, ஆர்ஜென்டினாவின் மரடோனாவா?

உலகக் கிண்ணம் வந்தால் நம் வீடுகளில் அண்ணன் பிரேசில், தம்பி ஆர்ஜென்டினா. சோறு உள்ளே போகாது. அந்தச் சண்டைதான் அன்றிரவு கோட் சூட் போட்டுக்கொண்டு ரோமில் உட்கார்ந்திருந்தது.

மூட்டிவிட்டது ஃபீஃபாதான். 'யார் சிறந்தவர், நீங்களே சொல்லுங்கள்' என்று இணையத்தில் வாக்கெடுப்பைத் திறந்துவிட்டது. வாக்குகள் வந்து குவிந்தன.

மரடோனாவுக்கு 53.6 சதவீதம். பெலேக்கு 18.53.

ஃபீஃபாவுக்கு வியர்த்துவிட்டது.

வாக்குப் போட்டவர்கள் யார்? அந்தக் காலத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். 1986 உலகக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிய கோலும், நான்கே நிமிடம் கழித்து ஒவ்வொருவராக ஏமாற்றிக்கொண்டு ஓடி அடித்த கோலும் அவர்கள் கண்ணுக்குள் நின்றன. 17 வயதில் உலகக் கிண்ணம் வென்ற பெலே, அவர்களுக்கு அப்பா சொன்ன கதை. போருக்குள் கிடந்த மன்னாரில் இணையம் ஏது? பெலேயைப் பத்திரிகையில் படித்தே பித்துப்பிடித்த நம் பெரியவர்களின் கணக்கு அந்த வாக்கில் ஏறவேயில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மரடோனா 1994 உலகக் கிண்ணத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி விலக்கப்பட்டவர். 2000 தொடக்கத்தில்தான் போதைப்பழக்கத்தால் சாவின் விளிம்புவரை போய், கியூபாவில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். போதாததற்கு, ஃபீஃபா தலைவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுபவர். அவரைத் தனியாகச் சிம்மாசனத்தில் ஏற்ற யாருக்கு மனம் வரும்?

வந்தது இரண்டாவது வாக்கு. இந்த முறை உதைபந்தாட்ட நிர்வாகிகளையும் ஃபீஃபா சஞ்சிகையின் வாசகர்களையும் கேட்டார்கள்.

பெலேக்கு 72.75 சதவீதம். அடுத்த இடம் பழைய நட்சத்திரம் டி ஸ்டெஃபானோவுக்கு. மரடோனாவுக்கு வெறும் 6!

அதே கால்கள். அதே கோல்கள். கேட்ட ஆட்கள் மாறினார்கள், பட்டியல் குப்புற விழுந்தது.

கடைசியில் கிரீடத்தைப் பங்குபோட்டார்கள். ஆளுக்கொரு விருது.

முதலில் மரடோனா. மேடையேறினார், வாங்கினார், இறங்கினார். அடுத்தது பெலே. மரடோனா எழுந்து கைதட்டுவார், இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் குறைவில்லை.

ஆளைக் காணோம்.

பெலே மேடையேறும் முன்பே மரடோனா அரங்கைவிட்டுப் போய்விட்டார்.

ஆணவமா? அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மக்கள் தந்ததை நிர்வாகிகள் பாதியாக்கிவிட்டார்கள். இருந்து கைதட்டினால் அந்தப் பாதியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவர் யாரிடமும் பாதி வாங்கிப் பழகியவர் இல்லை.

பெலேக்கும் உறுத்தியிருக்காதா? மூன்று உலகக் கிண்ணம் வென்றவர், ஒன்று வென்றவரிடம் மக்கள் வாக்கில் தோற்றிருக்கிறார். ஆனாலும் நிதானம் தவறவில்லை. மரடோனாவும் இங்கே இருந்திருக்கலாம் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

முதல் இடம் இந்த இருவருக்குள்தான், மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை என்று உலகம் முடிவுகட்டியது.

அந்த முடிவுக்கு ஆயுள் மூன்றே நாள்.

டிசம்பர் 14. பார்சிலோனாவில் ஒரு டென்னிஸ் கழகம். ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்ப் பையன் ஒருவனுக்காகப் பேச்சுவார்த்தை. வயது 13. உயரம் போதாது, வளர்வதற்கு ஊசி போட வேண்டும். செலவை நினைத்து பார்சிலோனா உதைபந்தாட்டக் கழகத்தின் நிர்வாகம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது. தகப்பனின் பொறுமை தீர்ந்துவிட்டது. இன்று பதில் இல்லையென்றால் பையன் கைநழுவிப்போவான்.

பார்சிலோனா கழகத்தின் சார்பில் வந்த ரெக்சாச்சிடம் ஒப்பந்தப் பத்திரம் இல்லை. கைதுடைக்கும் கடதாசி ஒன்றை எடுத்தார். பேனாவை வைத்தார்.

நிர்வாகமே இழுத்தடித்த ஒன்றை, கை துடைக்கும் கடதாசியில் எழுதிக் கொடுக்க அவருக்கு என்ன துணிச்சல்? அது செல்லுமா?

அடுத்த வாரம்.